சொந்தமாகச் செய்யும் ஃபோம் விமானம்: கூடிய எடைக்குப் பெரிய மோட்டார் தீர்வாகுமா?

ஜனவரி 4, வாசகர் ஒருவர்

கிட் வாங்காமல், யாருடைய வரைபடமும் இல்லாமல், ஃபோம் போர்டை வெட்டி ரேடியோ கட்டுப்பாட்டு விமானம் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். இறக்கை முனைக்கு முனை 120 செ.மீ., அகலம் 20 செ.மீ. மோட்டார் 2212 வகை, 1000 கேவி. எல்லாவற்றையும் மாட்டித் தராசில் வைத்தால் 1,400 கிராம் காட்டுகிறது. நண்பர்கள் அதிகம் என்கிறார்கள். மோட்டாரையும் பேட்டரியையும் அடுத்த அளவுக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்பது என் கருத்து. போதிய விசை இருந்தால் எதுவும் மேலே போகும்தானே? பிரித்துச் செய்ய மனம் வரவில்லை.

ஜனவரி 4, இரவு

மேலே போகும், சந்தேகமில்லை. போனது கீழே வர வேண்டும். வரும்போது மோட்டார் அணைந்திருக்கும். தாங்கிப் பிடிக்க இறக்கை மட்டும்தான் இருக்கும்.

உங்கள் இறக்கையின் பரப்பு 24 சதுர டெசிமீட்டர். 1,400 கிராமை அதனால் வகுத்தால் ஒரு சதுர டெசிமீட்டருக்கு 58 கிராம். ஃபோமில் செய்யும் பயிற்சி விமானத்துக்கு இந்த எண் 25 முதல் 40 வரை இருந்தால் நிதானமாகப் பறக்கும். இதே இறக்கையில் மொத்தம் 700 கிராம் என்றால் 29.

அடுத்து ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை சுமையைக் கைவிட்டுவிடும் வேகம். இறக்கையின் உச்சத் தூக்குவிசை எண்ணை 1 என்று வைத்துக் கணக்கிட்டால், 700 கிராம் விமானத்துக்கு நொடிக்கு 6.8 மீட்டர், மணிக்கு 25 கி.மீ. 1,400 கிராமுக்கு நொடிக்கு 9.7 மீட்டர், மணிக்கு 35 கி.மீ. பத்து கிலோமீட்டர்தானே கூடியிருக்கிறது என்று நினைக்காதீர்கள். எடை இரண்டு மடங்கு, வேகத்தின் வர்க்கமும் இரண்டு மடங்கு. தரையில் பட்டால் ஃபோம் வாங்கிக்கொள்ள வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. முதலாவதற்குச் சுமார் 16 ஜூல், இரண்டாவதற்கு 65 ஜூல். முதல் அடியில் மூக்கு கசங்கும். ஒட்டிவிட்டு அன்றைக்கே பறக்கலாம். இரண்டாவது அடியில் மோட்டார் தாங்கியோடு முன்பகுதி முழுவதும் பெயர்ந்து வரும்.

பெரிய மோட்டார் இந்தக் கணக்கில் எதையும் குறைப்பதில்லை. தானும் எடை, தனக்கு வேண்டிய ஈஎஸ்சியும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்சுற்று) பேட்டரியும் எடை. 1,400 என்பது 1,600 ஆகும்.

ஜனவரி 5

நேற்று எழுதியது நேர்ப் பறப்புக்கான கணக்கு. திருப்பத்தையும் சேர்த்துப் பாருங்கள். 60 பாகை சாய்த்து, உயரம் இழக்காமல் திருப்பினால் இறக்கை சுமக்கும் பாரம் இரட்டிப்பாகிறது. ஸ்டால் வேகம் 1.4 மடங்காகிறது. 25 என்பது 35 ஆகும், 35 என்பது 49 ஆகும். அதே சாய்வில் திருப்பத்தின் ஆரமும் கனமான விமானத்துக்கு இரட்டிப்பு. பழகுபவர்கள் மைதானத்தின் ஓரம் நெருங்குவதைக் கண்டு பதறித் திருப்புகிறார்கள். இலகுவான விமானம் அந்தப் பதற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும்.

ஜனவரி 8

"சரி, 700 கிராம் எப்படிச் சாத்தியம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்வி.

மின்சாதனங்களை முதலில் எடை போடுங்கள். 2212 மோட்டார் சுமார் 55 கிராம். 30 ஆம்பியர் ஈஎஸ்சி 28. மூன்று செல், 1,300 மில்லி ஆம்பியர் மணி லிப்போ பேட்டரி 115 பக்கம். ஒன்பது கிராம் வகை சர்வோ (அசையும் மடல்களைத் திருப்பும் குட்டி மோட்டார்) நான்கு, கம்பியோடு சேர்த்து 40. ரிசீவர் 10. புரொப்பெல்லரும் அதன் பிடியும் 12. ஆக 260. மீதி 440 கிராம் உங்கள் கையில் இருக்கிறது. அதற்குள் ஃபோம், பசை, ஸ்பார் (இறக்கைக்குள் நீளவாக்கில் ஓடும் தாங்குசட்டம்), கம்பிகள் எல்லாம் அடங்க வேண்டும்.

மேலும் கீழும் மூடிய இறக்கை, வால், பெட்டி வடிவ உடல் எல்லாம் சேர்த்து முக்கால் சதுர மீட்டர் போர்டு போகும். இங்கேதான் பலரும் எடையைக் கைவிடுகிறார்கள். ஃபோம் போர்டு என்று ஒரே பெயரில் விற்கும் தாள்களில், தடிமன் ஒன்றாக இருந்தும், ஒன்று மற்றொன்றைப் போல இரு மடங்கு எடை இருப்பதை நானே நிறுத்துப் பார்த்திருக்கிறேன். கையில் தூக்கிப் பார்த்து இது தெரியாது. முழுத் தாளைத் தராசில் வையுங்கள், கிராமைப் பரப்பால் வகுத்துக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு 300 கிராமுக்கு அருகில் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். 600 என்றால் அதில் மேசை மாதிரிகள் செய்யலாம், விமானம் வேண்டாம்.

என் மேசையில் தராசு கத்திக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு துண்டையும் ஒட்டுமுன் ஒரு முறை, ஒட்டிய பின் ஒரு முறை நிறுப்பேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பசை. அதைப் பார்க்கத் தொடங்கினால் கை தானாகவே சிக்கனமாகும்.

ஜனவரி 9

பசை பற்றி இன்னும் கொஞ்சம்.

ஹாட் க்ளூ வேகமாகப் பிடிக்கும், எடையும் வேகமாகவே ஏறும். மூலையில் தடித்த வரியாக ஊற்றிவிட்டு உறுதி என்று நம்புகிறோம். உறுதி தருவது பரப்பில் படரும் மெல்லிய பூச்சு. ஊற்றியவுடன் ஒரு அட்டைத் துண்டால் வழித்துவிடுங்கள். ஊற்றியதில் பாதி கையோடு வரும்; இணைப்பின் பலம் குறையாது. வெப்பம் அதிகமான துப்பாக்கி ஃபோமையே உருக்கும், குறைந்த வெப்பத்தில் வேலை செய்வதை எடுங்கள்.

பாலியூரித்தேன் பசை நுரைத்து இடைவெளியை நிரப்பும், இலகுவானது. ஆனால் இரவு முழுவதும் எடை வைத்து அழுத்திவைக்க வேண்டும்; இல்லையென்றால் நுரையே துண்டுகளைத் தள்ளிவிடும். மோட்டார் தாங்கிக்கு மட்டும் எபாக்ஸி.

சாதாரணச் சூப்பர் க்ளூ பாலிஸ்டைரீன் ஃபோமைத் தின்றுவிடும். கரைப்பான் உள்ள பசைகளும் ஸ்பிரே பெயிண்ட்களும் அப்படித்தான். ஃபோமுக்கென்றே செய்யப்படும் சயனோஅக்ரிலேட் வகை உண்டு, அது பாதிக்காது. எந்தப் பசையானாலும் கழிவுத் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு விமானத்துக்குப் போங்கள்.

ஜனவரி 9, மாலை

வால் பற்றிச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் பாதிதான்.

எல்லா கிராமும் ஒன்றல்ல. விமானத்தின் ஈர்ப்பு மையத்திலிருந்து வால் 50 செ.மீ. பின்னால் இருக்கிறது, பேட்டரி 20 செ.மீ. முன்னால் இருக்கிறது என்று வையுங்கள். ஏற்றப்பலகையில் தொலைவில் உட்கார்ந்த குழந்தை அருகில் உட்கார்ந்த பெரியவரைத் தூக்கிவிடுவது போல, வாலில் கூடும் 10 கிராமைச் சமன்செய்ய மூக்கில் 25 கிராம் வேண்டும். விமானத்துக்கு மொத்தம் 35 கிராம் கூடுகிறது. நீங்கள் வாலுக்கு இரட்டை ஃபோம் போட்டு, ஓரமெல்லாம் டேப் சுற்றி, சர்வோ இரண்டையும் பின்னாலேயே வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் 1,400 கிராமில் கணிசமான பங்கு அங்கே தொடங்கியிருக்கிறது. சமன்செய்யத்தானே 2,200 பேட்டரி போட்டீர்கள்?

சர்வோக்களை இறக்கைக்கு அடியில் கொண்டுவந்து, நீளமான கம்பியால் வாலை இயக்குங்கள். வாலுக்கு ஒற்றைத் தாள் போதும். வளைந்தால் மூங்கில் குச்சி அல்லது 2 மி.மீ. கார்பன் கம்பி ஒன்றைக் குறுக்கே பதியுங்கள்.

வாலைச் சிறிதாக்கி எடை குறைக்கலாமா என்று இன்னொருவர் கேட்கிறார். வேண்டாம். கிடைவாலின் பரப்பு இறக்கையின் பரப்பில் 20 சதவீதம், நெட்டுவால் 8 முதல் 10 சதவீதம். அதைக் குறைத்தால் விமானம் ஓயாமல் மூக்கை ஆட்டிக்கொண்டே போகும். எடையை மெல்லிய பொருளில் குறையுங்கள், பரப்பில் கைவைக்காதீர்கள்.

ஜனவரி 14

எந்த ஃபோம் என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருவதால் விரிவாக எழுதிவிடுகிறேன்.

தெர்மாக்கோல் என்று நாம் சொல்வது மணிமணியாக விரியவைத்து அச்சில் சேர்த்த பாலிஸ்டைரீன். கட்டியாகக் கிடைக்கும். சூடான நிக்ரோம் கம்பியால் அறுத்து முழு இறக்கை வடிவம் எடுக்க அதைப் போல வசதியானது வேறில்லை. தாளாக வைத்துக்கொண்டால் மணிகள் பிரிந்து உடையும். அறுக்கும்போது வரும் புகையைச் சுவாசிக்காதீர்கள், சன்னல் திறந்திருக்கட்டும்.

டெப்ரான் வகைத் தாள்களும் பாலிஸ்டைரீன்தான், ஆனால் அழுத்தித் தள்ளி வார்த்தவை. மணி இல்லை, முகம் வழவழப்பாக இருக்கும். 3 மி.மீ., 6 மி.மீ. தடிமன்களில் புழங்குகிறது. 6 மி.மீ. தாள் சதுர மீட்டருக்கு 200 கிராமைச் சற்றுத் தாண்டும். விறைப்பானது, அழகானது, அடிபட்டால் கண்ணாடி போல் விரியும்.

ஈபிபி என்பது பாலிப்ரொப்பிலீன். வளைத்தாலும் நசுக்கினாலும் திரும்ப வரும். மரத்தில் மோதி விழுந்ததை எடுத்து மறுபடி எறியலாம். ஆனால் தன்னால் விறைப்பாக நிற்காது. கார்பனும் நார் டேப்பும் கட்டாயம். பறக்கவே தெரியாதவர் தனியாகப் பழகப் போகிறார் என்றால் நான் சொல்வது ஈபிபிதான். சாதாரணச் சூப்பர் க்ளூவைக்கூட அது தாங்கும்.

காகிதம் ஒட்டிய ஃபோம் போர்டில் பலம் காகிதத்தில் இருக்கிறது. நடுவிலுள்ள ஃபோமின் வேலை இரண்டு காகிதங்களையும் தள்ளிப் பிடித்திருப்பது. இது புரிந்தால் எங்கே உரிக்கலாம், எங்கே உரிக்கக் கூடாது என்று தெரியும். உடலின் உட்பக்கக் காகிதத்தை ஈரத் துணியால் நனைத்து உரித்துவிடலாம், வெளிப்பக்கத்தைத் தொடாதீர்கள். இறக்கையின் மேல்முகம் அழுத்தத்தைத் தாங்குகிறது, கீழ்முகம் இழுவிசையைத் தாங்குகிறது. இரண்டும் வெளியே இருக்கட்டும். ஈரம் பட்டால் காகிதம் பிரியும், ஆகவே ஓரங்களுக்கு மெல்லிய டேப். பனி படிந்த புல்லில் இறங்கிய விமானம் ஒரே காலையில் ஊறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பால்சா மரமே மேல் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விலா எலும்பும் உறையுமாகக் கட்டினால் எடைக்கு அது தரும் பலம் உண்மையிலேயே உயர்ந்தது. நான் இரண்டிலும் கட்டுகிறேன். பால்சா உடைந்தால் மேசைக்குப் போகிறது. ஃபோம் உடைந்தால் மைதானத்திலேயே ஒட்டப்படுகிறது. கற்றுக்கொள்ளும் காலத்தில் அந்த வித்தியாசம் மிகப் பெரியது.

ஜனவரி 15

இறக்கைக்கு ஸ்பார் எவ்வளவு நீளம்? வளைக்கும் பாரம் நடுவில் அதிகம், முனையில் பூஜ்யம். ஆகவே நடுவிலிருந்து இருபுறமும் பாதித் தூரம் வரை போனால் போதும். முனைவரை ஒரே தடிமனில் கொண்டுபோவது வீண் எடை.

ஜனவரி 20

இறக்கையின் குறுக்குவெட்டு. "கிளார்க் ஒய் வடிவத்தை ஃபோமில் சரியாகக் கொண்டுவர முடியவில்லை, தட்டையாக விட்டால் பறக்குமா?"

பறக்கும். நம் விமானங்களின் அளவில் காற்று நடந்துகொள்ளும் விதம் வேறு. 20 செ.மீ. அகலம், நொடிக்கு 7 மீட்டர் வேகம் என்றால் ரெனால்ட்ஸ் எண் (அளவையும் வேகத்தையும் சேர்த்து, காற்று எப்படி நடந்துகொள்ளும் என்று காட்டும் எண்) ஒரு லட்சத்தை ஒட்டி வருகிறது. பெரிய விமானங்களில் அது பல பத்து லட்சம். இந்தச் சிறிய எண்ணில் தடித்த வடிவங்கள் அவற்றுக்குரிய பலனைத் தருவதில்லை. மெல்லியதாகச் சற்று வளைந்த தகடு நன்றாகவே வேலை செய்கிறது.

கிளார்க் ஒய் 1922இல் வர்ஜீனியஸ் கிளார்க் வரைந்தது. அடிப்பக்கத்தின் பெரும்பகுதி தட்டை, தடிமன் அகலத்தில் 11.7 சதவீதம். மேசையில் படுத்துக் கிடப்பதால் கட்டுவது எளிது, அதனால்தான் இத்தனை காலம் மாதிரி விமானங்களில் நிலைத்திருக்கிறது. போர்டை முன்னோரத்தில் மடித்து, உள்ளே ஸ்பாரை நிறுத்தி, பின்னோரத்தில் ஒட்டினால் அதற்கு நெருங்கிய உருவம் வந்துவிடும். மடிக்குமுன் உட்பக்கத்தில் இணைகோடுகளாகக் கத்தியின் முதுகால் அழுத்தி விடுங்கள், வளைவு உடையாமல் வரும். துல்லியத்தைத் தேடி மனம் சோர வேண்டாம்.

அதைவிட எளிது படிவைத்த இறக்கை. ரிச்சர்ட் கிளைன், ஃபிளாய்டு ஃபோகிள்மன் இருவரும் 1972இல் காப்புரிமை பெற்ற யோசனை அது. காகித விமானத்தில் தொடங்கியது. ஃபோம்காரர்கள் அதைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். அடித்தாள் முழு அகலம்; அதன்மேல் முன்னோரத்திலிருந்து பாதி அகலம் வரை இன்னொரு தாள். அவ்வளவே. முழு அளவு விமானங்களில் அது பயன்தரவில்லை. நம் அளவில் ஸ்டால் மென்மையாக வருகிறது, இரண்டு தாள் சேர்வதால் இறக்கை விறைப்பாகவும் இருக்கிறது. நான் செய்த படி இறக்கைகளில் ஒன்றுகூட முனை சரிந்து விழுந்ததில்லை. ஆனால் காற்றுக்கு எதிரே வேகமாக ஊடுருவிப் போகாது, அதை எதிர்பார்க்காதீர்கள்.

எந்த வடிவமானாலும் முறுக்கு இருக்கக் கூடாது. இறக்கையைப் பின்னாலிருந்து கண்மட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் இரண்டு பாகை திரும்பியிருந்தால் அதை எந்த ட்ரிம்மும் (கட்டுப்பாட்டின் நடுநிலையைச் சற்று நகர்த்தும் திருத்தம்) முழுதாகச் சரிசெய்யாது. வெயிலில் மூடிய வாகனத்துக்குள் வைத்த கருநிற இறக்கை தானாகவே முறுக்கிக்கொள்ளும்.

ஜனவரி 21

முதல் விமானத்துக்கு ஏலரான் (இறக்கையின் பின்னோரத்தில் அசையும் மடல்) தேவையில்லை என்று பல இடங்களில் சொல்லிவந்திருக்கிறேன். ரடர் (நெட்டுவாலின் அசையும் மடல்), எலிவேட்டர் (கிடைவாலின் அசையும் மடல்), மோட்டார் மட்டும். இறக்கையின் இரு பாதிகளும் 5 பாகை மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். உங்கள் அளவுக்கு: ஒரு பாதியை மேசையில் தட்டையாக வைத்தால் மறுமுனை 10.4 செ.மீ. உயரத்தில் நிற்கும். பறக்கும்போது கட்டுப்பாட்டிலிருந்து கையை எடுத்தாலும் இறக்கை தானாகச் சமநிலைக்குத் திரும்பும். இரண்டு சர்வோவின் எடையும் மிச்சம்.

அதை இப்போது கொஞ்சம் தளர்த்துகிறேன். காற்று ஓயாமல் வீசும் திறந்தவெளியில் பழகுபவர்களோடு நின்று பார்த்த பிறகு, சாய்வு மிகுந்த இறக்கையைப் பக்கக் காற்று புரட்டுவதைக் கவனித்தேன். அப்படிப்பட்ட இடமென்றால் 2 பாகைச் சாய்வும் ஏலரானும் நல்லது. காற்றில்லாத காலை வேளை கிடைப்பவர்கள் ரடரோடு நிற்கட்டும்.

ஜனவரி 27

இனி மோட்டார். கேள்வி கேட்டவருக்கு இதில்தான் ஆர்வம் என்று தெரியும், வேண்டுமென்றே தள்ளிப்போட்டேன்.

2212 என்றால் ஸ்டேட்டரின் (மோட்டாருக்குள் சுற்றாமல் நிற்கும் பகுதி) விட்டம் 22 மி.மீ., உயரம் 12 மி.மீ. 1000 கேவி என்றால் சுமையில்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 1,000 சுற்று. அது பலத்தின் அளவு இல்லை. பலம் வாட்டில் இருக்கிறது. மூன்று செல் பேட்டரி சுமையில் 11 வோல்ட் தருகிறது, 9×4.7 புரொப்பெல்லர் 12 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள்: 132 வாட். பயிற்சி விமானத்துக்கு ஒரு கிலோவுக்கு 150 முதல் 200 வாட் போதும். 700 கிராமுக்கு இது கிலோவுக்கு 190 வாட், தாராளம். 1,400 கிராமுக்கு 94. தரையை விட்டு எழவே திணறும்.

"ஆகவே பெரிய மோட்டார்" என்று உடனே சொல்லாதீர்கள். புரொப்பெல்லரின் இரண்டாவது எண் ஒரு சுற்றில் அது முன்னேறும் அங்குலம். 4.7 அங்குலம், நிமிடத்துக்கு 8,000 சுற்று என்றால் காற்றை மணிக்கு 57 கி.மீ. வேகத்தில் பின்னே தள்ளுகிறது. இது ஸ்டால் வேகத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். 25க்கு 57 சரி. 35க்குப் போதாது. எடை கூடினால் விசையோடு வேகமும் கூட வேண்டும். வேகம் கூடினால் மெல்லிய வால் படபடக்கத் தொடங்கும். அதை நிறுத்த வாலைத் தடிமனாக்குவீர்கள். உடனே மூக்கில் எடை சேர்ப்பீர்கள். இந்தச் சுழலில் போய்ச் சிக்கியவர்களின் விமானங்களைப் பிரித்து எடைபோட உதவியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் தொடக்கம் கனமான தாளும் கனமான வாலும்தான்.

ஆம்பியரை ஊகிக்காதீர்கள். வாட் மீட்டர் மாட்டி அளந்து, வருவதைவிடக் கால் பங்காவது கூடுதலாகத் தாங்கும் ஈஎஸ்சியைப் போடுங்கள்.

மேசையில் எதைச் சோதித்தாலும் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். மோட்டார் எப்போது சுற்றும் என்று விரலுக்கு முன்கூட்டித் தெரியாது. அளவு எடுக்க மாட்டித்தான் ஆக வேண்டுமென்றால் விமானத்தைக் கட்டிவைத்து, பின்னால் நில்லுங்கள்.

ஜனவரி 28

பேட்டரி, சுருக்கமாக. செல்லுக்கு 4.2 வோல்ட் முழு நிரப்பு. பறந்து இறங்கும்போது 3.5க்குக் கீழே போயிருக்கக் கூடாது. பறக்காமல் வைத்திருக்கும் நாட்களில் 3.8. 1,300 பேட்டரிக்கு 1.3 ஆம்பியரில், செல்களைச் சமன்செய்யும் சார்ஜரில் மட்டும் ஏற்றுங்கள். பக்கத்தில் ஆளில்லாமல் ஏற்றாதீர்கள். உப்பிய பேட்டரியைப் பறக்கவிட வேண்டாம், வருத்தமாக இருந்தாலும்.

பிப்ரவரி 3

ஈர்ப்பு மையம் எங்கே? இறக்கை அகலத்தில் முன்னோரத்திலிருந்து 25 முதல் 33 சதவீதத்துக்குள். உங்களுக்கு 5 முதல் 6.6 செ.மீ. முதல் பறப்புக்கு 5 செ.மீ. வையுங்கள். இறக்கையின் அடியில் இருபுறமும் பேனாவால் குறியிட்டு, பேட்டரி உட்பட எல்லாம் மாட்டிய நிலையில், இரண்டு விரல்நுனிகளில் தூக்கிப் பாருங்கள். மூக்கு இம்மியளவு தாழ்ந்தால் நல்லது. வால் தாழ்ந்தால் பறக்கவிடாதீர்கள். பேட்டரியை நகர்த்திச் சரிசெய்ய வழியிருக்கும்படி அறையை நீளமாகக் கட்டிக்கொள்ளுங்கள். ஈயத் துண்டு கடைசி வழி.

பிப்ரவரி 4

பறக்கும் இறக்கை செய்யும் ஒருவர் நேற்றைய எண்களை அப்படியே எடுத்துக்கொண்டதாக எழுதுகிறார். பொறுங்கள்! அவை நேரான இறக்கையும் தனி வாலும் உள்ள விமானத்துக்கு. பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையில் முதலில் சராசரி அகலத்தையும் அது விழும் இடத்தையும் கண்டுபிடிக்க வேண்டும். வாலில்லாததால் அதில் 15 முதல் 20 சதவீதத்தில் வைக்க வேண்டும். 30இல் வைத்தால் கையை விட்ட கணமே புரண்டுவிடும்.

பிப்ரவரி 6

ஏலரான், எலிவேட்டர் கீல்களுக்கு: ஓரத்தை 45 பாகை சரித்து வெட்டி, டேப்பால் ஒட்டுங்கள். கட்டுப்பாட்டுக் கொம்பின் (சர்வோ கம்பியை மாட்டும் சிறு தகடு) துளை கீல்கோட்டுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். தள்ளியிருந்தால் மேலும் கீழும் அசைவு சமமாக வராது. கம்பி நடுவில் வளைந்தால் எலிவேட்டர் பாதி வேலைதான் செய்யும், வழியில் இரண்டு இடத்தில் உறிஞ்சுகுழல் துண்டால் பிடித்துவிடுங்கள்.

பிப்ரவரி 11

வண்ணம். கேட்கும்போது அழகுக்காக என்று தோன்றும். 100 மீட்டர் தள்ளிப் போன விமானம் வருகிறதா போகிறதா என்று வானத்தின் வெளிச்சத்தில் தெரியாமல் போகும் கணம் எல்லாருக்கும் வரும். மேல்பக்கம் வெளிர் நிறம், அடிப்பக்கம் அடர்நிறப் பட்டைகள், ஒரு முனையில் மட்டும் வேறு நிறம். பெயிண்ட் பூசி எடை ஏற்றாதீர்கள், நிறத்தாள் டேப் இரண்டு கீற்று போதும். நீல நிறம் வேண்டவே வேண்டாம்.

பிப்ரவரி 17

பிரித்துச் செய்துவிட்டதாகச் செய்தி. 745 கிராம்! சர்வோக்கள் இறக்கைக்குக் கீழே, ஒற்றைத் தாள் வால், 1,300 பேட்டரி. பழைய இறக்கையில் பாதியைப் பயன்படுத்த முடிந்ததாம். சதுர டெசிமீட்டருக்கு 31 கிராம். மனம் நிறைந்த மகிழ்ச்சி எனக்கு. மனம் வராத இடத்தில் கத்தியை எடுப்பது எளிதில்லை.

கிளம்புமுன் பார்க்க வேண்டியவை. இறக்கையை ரப்பர் பேண்டால் கட்டியிருக்கிறீர்கள், அப்படியே இருக்கட்டும். மோதும்போது அது விலகிக் கொடுக்கும், உடல் பிழைக்கும். டிரான்ஸ்மிட்டரை அணைத்தால் மோட்டார் நிற்கிறதா? டிரான்ஸ்மிட்டரைக் குறைந்த திறனில் வைத்து, நடந்து சென்று தொலைவைச் சோதித்தீர்களா? குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வல ஏலரான் மேலே எழ வேண்டும். விமானத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு பாருங்கள், எதிரே நின்றால் குழம்பும். இந்த ஒன்றைப் பார்க்காமல் எறிந்து அக்கணமே நொறுங்கிய புத்தம்புது விமானங்களை நிறையக் கண்டிருக்கிறேன்.

உயரமான புல்மேல், மோட்டார் இல்லாமல், காற்றுக்கு எதிரே மட்டமாகத் தள்ளிவிடுங்கள். மூக்கு எழும்பித் தயங்கி விழுந்தால் பேட்டரியை முன்னே நகர்த்துங்கள். நேராகச் சறுக்கிப் போனால் மோட்டாரோடு முயலலாம். எறிபவரின் கை மேல்நோக்கிப் போகக் கூடாது, மட்டமாக, உறுதியாக. முதல் பறப்பு முழுவதும் உயரம் எடுத்துக்கொண்டே இருங்கள்.

பிப்ரவரி 19

பறந்துவிட்டது. நிதானமாக இறங்கியும்விட்டது. கேள்வி ஒன்று: "மோட்டாரைக் கூட்டினால் மூக்கு மேலே எழுகிறது, குறைத்தால் தாழ்கிறது. பேட்டரியை இன்னும் முன்னே தள்ளட்டுமா?"

இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலில் உயரத்தில் மோட்டாரை அணைத்துச் சறுக்கவிட்டுப் பாருங்கள். சறுக்கல் சீராக இருந்தால் ஈர்ப்பு மையத்தின் மேல் பழி போட வேண்டாம், மோட்டாரின் கோணம்தான் காரணம். மேல் இறக்கை விமானங்களில் இழுவிசைக் கோடு இறக்கைக்குக் கீழே இருப்பதால் இப்படி எழும்பும். மோட்டார் தாங்கியின் மேல் திருகுகளுக்குப் பின்னால் வாஷர் வைத்து, 2 முதல் 3 பாகை கீழ்நோக்கச் செய்யுங்கள். முழு விசையில் இடப்பக்கம் இழுத்தால் வலப்பக்கம் 2 பாகை.

அது முடிந்தபின் ஈர்ப்பு மையத்தைச் சோதிக்கலாம். நல்ல உயரத்தில் மட்டப் பறப்புக்கு ட்ரிம் செய்து, மோட்டாரைக் குறைத்து, மூக்கை 45 பாகை தாழ்த்திக் கையை எடுங்கள். விமானம் சட்டென்று மேலே வளைந்தால் மூக்கு கனம்; பேட்டரியைப் பின்னே சற்று நகர்த்தலாம். மெல்ல மெல்ல மட்டத்துக்கு வந்தால் தொடாதீர்கள். இன்னும் செங்குத்தாகக் கவிழப் போனால் உடனே எலிவேட்டரை இழுத்து இறக்கிவிட்டு, பேட்டரியை முன்னே கொண்டுபோங்கள். ஒவ்வொரு முறையும் 5 மி.மீ.க்கு மேல் நகர்த்தாதீர்கள். நகர்த்திய இடத்தை அறையின் சுவரில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்.